முகம் பிடிக்கிற வேலை

காட்கோபர் ஸ்டேஷனுக்கு வெளியே
செருப்புக் கடையின் மாடியில் ஆதார் மையம்.
மூன்றாவது கவுண்டர் என்னுடையது.
நாளொன்றுக்கு நாற்பது முகம் பிடிக்கிறேன்.
"சாம்னே தேக்கியே" என்பேன்,
தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்வேன்.
எல்லோரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள்.
கொரோனா போய் இத்தனை நாளாகியும்
நான் மாஸ்க்கைக் கழற்றவில்லை.
தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முப்பத்திரண்டு வயது.
பருவத்தில் வந்தால்தான் அது பரு என்று
பள்ளியில் சிரித்தார்கள்.
இது பருவம் தவறிய விளைச்சல்.
மாதத்தின் இருபதாம் நாள் தாண்டினால்
தாடை எலும்பை ஒட்டித்
தோலுக்கு அடியில் ஒரு மிளகு உருளும்.
கண்ணாடிக்குத் தெரியாது,
தலையணைக்குத் தெரியும்.
மூன்று நாளில் அது சுண்டைக்காய்.
மாதவிடாய் வந்ததும் அடங்கும்.
கறை மட்டும் காலி செய்யாமல்
அடுத்த வாடகைக்காரர் வரும்வரை இருக்கும்.

யோசனைக்கு மும்பையில் பஞ்சமில்லை.
எட்டுப் பதினாலு ஸ்லோ லோக்கலில்
கை உயர்த்த இடமில்லாத நெரிசலில்
ஒரு குஜராத்திப் பெண்மணி
என் கன்னத்துக்கு மட்டும் வழி கண்டுபிடித்துத்
தொட்டுப் பார்த்துச் சொன்னார்: முல்தானி மிட்டி.
பக்கத்து ஃப்ளாட்டில் பற்பசை என்றார்கள்.
அத்தை போனில் எலுமிச்சை என்றாள், வெந்தயம் என்றாள்,
கல்யாணமானால் சரியாகும் என்றாள்.
எல்லாவற்றையும் பூசிப் பார்த்தேன்,
கல்யாணத்தைத் தவிர.

டாக்டர் ஷெனாஸ் மிஸ்திரி
முகத்தைப் பார்க்கும் முன் தேதியைக் கேட்டார்.
தள்ளிப் போகிறதா, முடி கொட்டுகிறதா,
மோவாயில் முளைக்கிறதா.
ஸ்கேன் எழுதினார்.
ஆண்களுடையது என்று நான் நினைத்திருந்த ஹார்மோன்
எல்லாப் பெண்ணுக்குள்ளும் கொஞ்சம் உண்டாம்.
சிலர் தோல்
அதன் கிசுகிசுப்பையே கூச்சலாகக் கேட்டுவிடுமாம்,
எண்ணெய் ஊறி, வழி அடைத்து, வீங்குமாம்.
"இது அழுக்கு இல்லை" என்றார்.
இரண்டு தடவை சொன்னார்.
நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்த கைகள்
மடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றவர்
சினைப்பையை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது
காலையும் மாலையும் மென்மையாய் ஒரு கழுவல்.
ஜூலை மழை கொட்டினாலும் சன்ஸ்க்ரீன்.
இரவில் பட்டாணி அளவு க்ரீம்
(பட்டாணி என்றால் பட்டாணி,
அவசரத்துக்குக் கொண்டைக்கடலை ஆக்கி
ஒரு வாரம் தோலுரிந்து திரிந்தேன்).
கிள்ளக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டினேன்.
முதல் மாதம் முன்னைவிட மோசம்.
பன்னிரண்டு வாரம் பொறுங்கள் என்றிருந்தார்.
பன்னிரண்டு நிமிடத்துக்கு இந்த ஊரில்
பிளாட்பாரமே பொறுக்காது.
நீலத் தலையணை உறையில்
வெள்ளைத் தீவுகள் முளைத்தபோது
சலவைக்காரரோடு சண்டை போட்டேன்.
அப்புறம்தான் ட்யூபுக்குள் மடித்திருந்த
சீட்டைப் படித்தேன்: துணி வெளுக்கும்.

நேற்று டோக்கன் முப்பத்தேழு.
மேதா தாம்பே, விக்ரோலி.
துப்பட்டாவை உதடுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.
முகம் மறையக் கூடாது என்பது விதி.
சொன்னேன். மெதுவாக இறக்கினாள்.
நான் அவள் தாடையைப் பார்க்கவில்லை.
கருநீலத் துப்பட்டாவின் ஓரத்தில்
அதே வெள்ளைத் தீவுகள்.

"எத்தனை வாரம்?" என்று கேட்டுவிட்டேன்.
அவள் கை திடுக்கிட்டு வயிற்றுக்குப் போனது.
"ஐயோ, அது இல்லை"
என்று மாஸ்க்கை இறக்கினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"ஐந்து" என்றாள்.
"எனக்கு ஒன்பது."
வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

பொத்தானை அழுத்தியபோது
அவள் கேமராவை விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
படம் அசைந்துவிட்டது.
இன்னொன்று எடுத்தோம்.