பேரைத்தான் கேட்டேன்

"பேரு?"
"செலாம்."
"ஊரைக் கேக்கலம்மா. பேரைத்தான் கேட்டேன்."
"பேருதான் சார். செலாம்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
பிறகு அப்பாவை. பிறகு என் முடியை.
எல்லோரும் இதே வரிசையில்தான் பார்க்கிறார்கள்.
முதலெழுத்தின் நெடிலைக் கழற்றி
இரண்டாம் எழுத்துக்கு மாட்டினால் போதும் சார்,
ஒரு ஊர் ஒரு பெண்ணாகிவிடும்
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை. கோப்பு அவர் கையில் இருந்தது.

பிறந்த தேதிக் கட்டத்தில் அடுத்த சிக்கல்.
பழைய தாளில் இருப்பது பாகுமே, மூன்று.
பதின்மூன்றாம் மாதம். அதற்கு மொத்தமே ஐந்து நாள்,
சில வருடம் ஆறு.
கணினி பன்னிரண்டோடு நின்றுகொண்டது.
பக்கத்து மேசை அம்மாள்
சித்திரையிலிருந்து விரல் மடக்கிப் பார்த்தார்;
பங்குனிக்குப் பிறகு மடக்க ஒன்றுமில்லை.
செப்டம்பர் எட்டு என்று போட்டோம்.
அன்று பிறந்தவள் எவளோ,
அவள் நன்றாக இருக்கட்டும்.

ஜிம்மாவில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அப்பா.
ஏற்காட்டு வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் சொல்வார்:
"காப்பியும் இவ ஊர்லேர்ந்து வந்ததுதான்,
இந்த மலையில வேர் பிடிக்கலையா?"
காப்பிச் செடியிடம் யாரும்
பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கவில்லை அப்பா.
தவிர, எனக்குக் காப்பி பிடிக்காது.

திருப்பிக் கொடுத்ததன் நகல் மட்டும் பையில் இருந்தது.
ஆறு வயது முகம், முன்பல் இரண்டு இல்லை.
விழுந்தது அங்கே.
முளைத்தது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்,
பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு
நாக்கால் தடவிப் பார்த்தபோது.

அந்த மொழி போய்விட்டது.
எப்போது போனதென்று தெரியவில்லை,
கொலுசின் ஒரு முத்து விழுவதுபோல.
மிச்சம் இரண்டே சொல்.
வுஹா என்றால் தண்ணீர்.
நெய் என்றால் வா.
பெண்பிள்ளையிடம் மட்டும் சொல்லும் வா.

ஜிம்மா வாடகை வீட்டில் முதல் ராத்திரி
சோற்றுத் தட்டின் முன் நான்.
அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "நெய்?"
எழுந்து போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.
அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்.
அம்மா கரண்டியைக் கீழே வைத்தாளாம்.

இன்று அதே அம்மா,
நாத்தனார் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டில்,
சுவரோரம் நிற்கிறாள்.
கலெக்டர் எழுந்தார். நானும்.
"தமிழ்ல படிச்சிடுவியாம்மா?"
படித்தேன்.
விசுவாசம் என்ற இடத்தில் தொண்டை அடைத்தது.
யாரையும் ஏமாற்றுகிறோமோ என்று ஒரு கணம்.
தாய் என்ற கட்டத்தில், பழைய தாளில்,
தெரியவில்லை என்று எழுதியிருக்கும்.
அந்தத் தெரியாதவள் வைத்துவிட்டுப் போன
மூன்றெழுத்தைக் கையெழுத்தாகப் போட்டேன்.
மை கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

வெளியே நல்ல வெயில்.
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல்.
இந்த நாட்டுக்காரியாகி இருபது நிமிடம்,
கைகழுவி வந்து உட்கார்ந்திருந்தேன்.
சர்வர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்,
"நெய்…"

ரோஸ்ட் என்று அவன் முடிப்பதற்குள்
பாதி எழுந்துவிட்டேன்.