நாலாவது கேள்வி

இரவு ஒன்பதரைக்கு மேல்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
கனகராஜ் மேனேஜர் ஆவான்.
லுங்கிதான். ஆனாலும் குரல் மாறிவிடும்.
“உட்காருங்க மேடம். உங்களைப் பத்திச் சொல்லுங்க.”
பிளேட் வைத்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு
என் ரெஸ்யூமேயைக்
கரண்ட் பில் மாதிரிப் பார்ப்பான்.

மர்பி டவுனில் எங்கள் சந்தில்
எட்டு வீட்டுக்கு ஒரே பம்பு.
தண்ணீர் பத்து மணிக்கு.
அதற்குள் பத்துக் கேள்வியும் முடியவேண்டும்.

முதல் கேள்விக்கு என்னிடம் ஆறு வரி.
இரண்டாவது, பலம். மூன்றாவது, பலவீனம்.
பலவீனம் கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடாதாம்;
ஏதாவது ஒரு பெருமையை
வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவேண்டுமாம்.
நாலாவது:
நடுவில் மூன்று வருஷம் ஏன் வேலையில் இல்லை?

கனகராஜ் மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குப் போவான்.
எல்லா இரவும்.
மூன்று முடிந்ததும் தாளைத் திருப்புவான்.
நாலு அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை சொன்னான்:
“என்னைச் சொல்லாதே.
குழந்தைன்னு சொல்லிடு, ஒத்துப்பாங்க.”
எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதைக்
கொஞ்ச நேரம்
இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை இந்திராநகரில் மெட்ரோ ஏறினேன்.
ஸ்டேஷனுக்கு ஒரு பதிலாக
மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.
எதிர் சீட்டுப் பெண்ணும் உதட்டை அசைத்தாள்;
அவளுக்கும் இன்டர்வியூவோ, ஜெபமோ.
“முந்தின நில்தாண” என்றது ஒலிபெருக்கி.
கன்னடத்தில் அது அடுத்த ஸ்டேஷன்.
இந்த ஊரிலேயே பிறந்தும்
தமிழ்க் காது ஒவ்வொரு முறையும்
கடந்துபோனதைத்தான் திரும்பிப் பார்க்கிறது.

பட்டந்தூர் அக்ரஹாரா. ஏழாவது மாடி.
மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு ஜலதோஷம்.
ஆறு வரியில் இரண்டு முடியுமுன்
ஒரு தாளைத் தள்ளினார்.
இந்தப் பக்கம் எங்கள் லெட்ஜர்,
அந்தப் பக்கம் லாரிக்காரரின் ஸ்டேட்மென்ட்,
ஐம்பத்துநாலாயிரம் உதைக்கிறது. எங்கே?

ஐந்தும் நாலும் ஒன்பது.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள்
இடம் மாறி உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும்.
விரலை இறக்கினேன்.
பதினோராவது வரி.
பதினேழாயிரத்து இருநூற்று அறுபதை
யாரோ
எழுபத்தோராயிரத்து இருநூற்று அறுபது ஆக்கியிருந்தார்கள்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று
அவர் கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால்,
ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில், சார்,
டிஸ்சார்ஜ் அன்றைக்கு, நின்றபடி,
மூவாயிரத்து அறுநூறு
ஆறாயிரத்து முந்நூறாகியிருந்த பக்கத்தில்,
தாலிக்கொடி அடகுச் சீட்டின் பின்புறம்
கூட்டிக் கூட்டிப் பார்த்து
என்று சொல்லியிருப்பேன்.
“எப்ப சேரலாம்?” என்றார்.
தும்மினார்.

எதிர்பார்த்ததைவிட இரண்டாயிரம் குறைவு.
சரி என்றுவிட்டேன்.
லிஃப்டில் இறங்கும்போதுதான்
எட்டாவது கேள்விக்கு, சம்பளத்துக்கு,
வைத்திருந்த அழகான பதில் ஞாபகம் வந்தது.

அய்யங்கார் பேக்கரியில் தில்பசந்த் வாங்கிப்போனேன்.
கனகராஜ் அதை இரண்டாக வெட்டிப்
பெரிய துண்டைத் தானே எடுத்துக்கொண்டான்.
மூன்று வருஷமாகச் சின்னதுதான் எடுப்பான்.

பத்து மணி. பம்பு இரைந்தது.
நான் குடத்தைத் தொடவில்லை.
அவன் கையில் தாளைக் கொடுத்தேன்.
“எதுக்கு? அதான் கிடைச்சாச்சே.”
“நாலாவதைக் கேளு.”

தாளைத் திருப்பினான்.
மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான்.
தொண்டையைச் செருமிப் பார்த்தும்
மேனேஜர் குரல் வரவில்லை.
“நடுவுல மூணு வருஷம்…”
சந்தில் யாருடைய குடமோ நிரம்பி வழிந்தது.
“…என்ன மேடம் பண்ணீங்க?”

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.