கிலோ இருநூறு

தில்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் மகிளா ஹாட்.
ஞாயிறு. ஜனவரி.
பதினோரு மணியாகியும் மூடுபனி எழுந்து போக மனமில்லாமல் கிடந்தது.
இக்ரார் பாய் தராசில் புத்தகங்களை
வெங்காயம்போல் போட்டுக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவா, அந்தப் பக்கம் என்று தாடியால் காட்டினார்.
அந்தப் பக்கம் ஒரு நீலத் தார்ப்பாய்.
ஜனாதிபதிகளின் அதிகாரம் பற்றி
செங்கல் கனத்தில் ஒன்பது நூல்கள்.
அவற்றின் இடுக்கில்
வேலை போனவர்கள், மணமுறிந்தவர்கள்,
பெட்ரோல் பங்க்கில் இரவு முழுக்க விழித்திருப்பவர்கள் பற்றிய
மெலிந்த கதைப்புத்தகங்கள்,
பெரிய வீட்டு விசேஷத்தில்
கடைசிப் பந்திக்கு நிற்பவர்கள் மாதிரி.

தடியன் ஒன்று, ஒல்லி ஒன்று எடுத்தேன்.
ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்.
நூற்றைம்பதை விட்டுக்கொடுத்தார்.
ஒல்லி இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.கே.புரத்தில் ஹீட்டர் பக்கத்தில் பிரித்தபோதுதான் பார்த்தேன்.
இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஊதா மை:
சரப்ஜித் சத்வால், திமார்பூர், 1974.
ஆணா பெண்ணா தெரியவில்லை,
அந்தப் பெயர் இருவருக்கும் வைப்பது.
இரண்டிலும் ஒரே பென்சில்.

தடியனில் பன்னிரண்டு அதிகாரங்கள்,
பன்னிரண்டும் அதிகாரத்தைப் பற்றியே.
மன்னிக்கும் அதிகாரம், மறுக்கும் அதிகாரம்,
சபையைக் கேட்காமல் கப்பல் அனுப்பும் அதிகாரம்.
ஒரு சட்டத்தில் ஒப்பமிடப்
பத்துப் பன்னிரண்டு பேனாக்கள் என்கிறது பக்கம் 88.
பிறகு அவற்றைப் பரிசாகக் கொடுத்துவிடுவார்களாம்.
ஓரத்தில் பென்சில்: மை ஊற்றி வைத்தது யார்?
பக்கம் 210இல் நள்ளிரவில் ஓர் உத்தரவு.
அன்று காப்பி கொண்டுவந்தவனுக்கு
வீட்டுக்குப் போகப் பஸ் கிடைத்ததா?

ஒல்லியில் டயர் ஆலை மூடிய ஓர் ஊர்.
விற்க முடியாத காரை ஒருவன்
வாரம் ஒருமுறை கழுவுகிறான். அவ்வளவுதான் கதை.
மனைவி டப்பாவில் சில்லறை எண்ணுகிறாள்.
நூற்று நாற்பது பக்கத்தில் ஜனாதிபதி ஒரே தடவை,
முடிதிருத்தும் கடைக் காலண்டரில்,
அதுவும் போன மாதத் தாளில்.
இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று
அவன் கதவைச் சாத்தும் வரியின் கீழே
கோடிழுத்து சரப்ஜித் எழுதியிருந்தது: வீட்டோ.
தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன்,
அதற்குள் வீடு இருந்தது.

தடியனின் ஒன்பதாம் அதிகாரத்தில் நின்றுவிடுகிறது பென்சில்.
ஜூன் 26. பேப்பர் வரவில்லை.
பேப்பர் போடும் பையன் மட்டும் வந்தான்,
வெறுங்கையோடு, சொல்லிவிட்டுப் போக.
அதற்குப் பின் இரண்டு புத்தகத்திலும்
ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன.
அந்த ராத்திரி அச்சகங்களில் விளக்கணைந்த தெரு
இக்ரார் பாயின் தராசிலிருந்து நடக்கும் தூரம்.

எனக்கு சாஸ்திரி பவனில் இருபத்திரண்டு வருஷம்.
கையொப்பம் விழ வேண்டிய இடத்தில்
மஞ்சள் சீட்டு ஒட்டுவது என் வேலை.
மேலே இருப்பவர் சீட்டைப் பார்ப்பார், பேனாவைத் திறப்பார்.
எங்களிடம் பேனா ஒன்றுதான்.

திங்கட்கிழமை வந்த கோப்பில் இணைப்பு ஐந்து,
ஒப்பந்தம் முடிகிறவர்கள், அறுபத்துமூன்று பெயர்.
இணைப்புகளை எண்ணுவேன், படித்ததில்லை.
படித்தேன்.
நாற்பத்தோராவது, எங்கள் லிஃப்ட் ஓட்டும் தீப்சந்த்.

மஞ்சள் சீட்டை உரித்து
ஒல்லியில், கார் கழுவும் பக்கத்தில், வைத்தேன்.
கோப்பு மேலே போய் வெறுமனே திரும்பியது.
எங்கே போடுவதென்று தெரியவில்லை என்றாராம்.
யாரும் என்னைக் கோபிக்கவில்லை.

புதன்கிழமை இன்னொரு சீட்டு ஒட்டினேன்.

சாயங்காலம் தீப்சந்த்
என்னைத் தரைத்தளத்தில் இறக்கிவிட்டு
பை மாட்டிக்கொள்ளாமலிருக்க
வழக்கம்போல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.