கைப்பக்குவம்

காசிமேட்டில் விடியுமுன் வாங்கிய மத்தி.
"வயித்தை அமுக்கிப் பாரு, நெய் கட்டிக் கெடக்கு"
என்றாள் செலின்மேரி.
அவள் கட்டைவிரலுக்குப் பிழைவீதம் கிடையாது.

தரமணி வருவதற்குள்
மத்திய கைலாஷ் சிக்னலில் இருபது நிமிடம்.
பெட்டியில் ஐஸ் பாதி தண்ணீர்.

திரவ நைட்ரஜனில் போட்ட துண்டு
கூழாங்கல்லாய்ச் சத்தமிட்டது.
இடித்து, குளோரோஃபார்மில் கரைத்து, ஆவியாக்கி, நிறுத்தால்
நூற்றுக்குப் பதினொன்று.

அதே மீன், அதே பக்கம்,
உலர்த்தும் அடுப்பில் ஓர் இரவு:
எட்டு.
காணாமல்போன மூன்றில் கொஞ்சம்
காலையில் அறை முழுக்க மணந்தது.
மிச்சத்தை இறுகிய தசை விடவில்லை.

மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த துண்டில்
மொத்தம் குறையவில்லை;
அறுபட்டுத் தனித்தனி அமிலமாய் நின்றது கொழுப்பு.
மீன் செத்தது நொதிகளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

நூருன்னிசா ஈரலை மெழுகில் பதித்தாள்.
சைலீன் கழுவிக்கொண்டு போயிற்று.
நுண்ணோக்கியின் கீழே வட்ட வட்டமாய் வெறுமை,
வாடகைக்காரர் காலி செய்த வீட்டுச் சுவரில்
பீரோ நின்ற இடம் மாதிரி.

கைப்பக்குவம் என்பது
குழம்புக்கு மட்டும் சொல்வது
என்றிருந்தேன் இத்தனை நாள்.

"ஏதாவது ஒரு நம்பர் குடும்மா, ரிப்போர்ட் போகணும்"
என்கிறார் தணிகாசலம் சார்.

பதினொன்று என்று எழுதி
எடுத்த விதத்தை
அடியில் ஐந்து வரி எழுதினேன்:
சிக்னலில் நின்ற இருபது நிமிடம் உட்பட.

அச்சாகி வந்த அட்டவணையில்
இடம் போதவில்லையாம்.
பதினொன்று மட்டும் இருக்கிறது,
கடலிலிருந்தே
அப்படியே வந்ததுபோல.