ஒரு வளையம் குறைவு

புந்தா அரீனாஸில் ஜூன் மாதச் சூரியன்
ஜன்னல் விளிம்பைத் தாண்டி ஏறச் சோம்பல்படும்.
ஆகவே முதலில் வெயிலைத்தான் சந்தேகித்தேன்.
தொலைக்காட்சியின் கீழ்விளிம்பில் ஒட்டியிருந்த உணரிக்கண்
ஒரு மிளகளவு.
நேரே வெயில் விழுந்தால் ரிமோட் சொல்வது அதற்கு எட்டாது,
சந்தை நடுவே காதோடு பேசின மாதிரி.
என் கம்பளித் தொப்பியால் மறைத்துப் பார்த்தேன்.
ஊஹூம்.

இடுப்பு அறுவைக்குப் பின் மூன்று தலையணைமேல்
திரு. ராதிச்.
பெட்டி கீழே, மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள்.
ஒரே பெட்டி, மேலொரு திரை, கூடத்தில் ஒரு திரை.
"பன்னிரண்டு நாளாக அழுத்துகிறேன்," என்றார்,
"கட்டைவிரல் ரேகை அழிந்துவிட்டது.
வங்கியில் இனி என்னை நம்ப மாட்டார்கள்."

செல்பேசியின் முன்பக்கக் காமிராவை ரிமோட்டின் மூக்கில் காட்டினேன்.
நம் கண்ணுக்குப் பிடிபடாத வெளிச்சம்
ஊதாவாகச் சிமிட்டியது அதன் திரையில்.
பேட்டரி நல்ல பேட்டரி.
ரேகை வீணாக அழியவில்லை என்று சொல்லிவைத்தேன்.

கண்ணைப் பிடுங்கிக் கீழே எடுத்துப்போய்
நடுவில் எதுவுமில்லாமல் நேராகச் செருகினேன்.
பெட்டி உடனே விழித்தது.
அப்படியென்றால் கண் பிழைத்தது, விளக்கு பிழைத்தது,
இடைப்பட்ட வழியில்தான் எங்கோ கொள்ளை.

சுவரோரமாகத் தவழ்ந்தேன்.
விறகடுப்பின் முதுகுப்புறம், கம்பளத்தின் அடி,
நாலு தும்மல்,
எப்போதோ உருண்டுபோன ஒரு காதுத்தோடு.
கம்பிமேல் ஏழெட்டு வருடத் தூசி, பூனைமயிரோடு.
படியின் திருப்பத்தில் மட்டும்
இரண்டு முழம் தூசியே இல்லை.
கடையில் மடித்த மடிப்புகூட இன்னும் நிமிரவில்லை.

செருகியை உருவிப் பார்த்தேன்.
ஒரே ஒரு கறுப்பு வளையம்.

இது தொழில் விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.
கண்ணுக்கு மூன்று கம்பி வேண்டும்:
ஒன்றில் உயிர் வரும், ஒன்றில் சேதி போகும்,
மூன்றாவது இரண்டுக்கும் தரை.
கீழேயுள்ள விளக்குக்கு இரண்டு போதும்,
சொன்னதைச் சிமிட்டுகிற உத்தியோகம்தானே.
செருகியில் இரண்டு வளையமென்றால் உள்ளே மூன்று.
ஒன்றென்றால் இரண்டு.
ஆனால் எந்த ஓட்டையிலும் கச்சிதமாக இறங்கும்,
க்ளிக் என்ற சத்தமும் குறையாது.
கை நம்பிவிடும்.

கூடத்தில் மிர்னா, மடியில் மாத்தே கோப்பை.
திரையில் ஒருத்தி கடிதத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்று
ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.
"இந்தத் துண்டை மாற்றியது யார்?"
"கடையில் அதுதான் இருந்தது."
துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் பேரேடு பார்த்தவர்;
ஒரு பத்தி குறைந்தால் தெரியாமல் போகிற கண்ணில்லை.
கோப்பையைக் கீழே வைத்தார்.
"போன மாதம் அவள் கைக்கு அந்தக் கடிதம் வந்த நொடி," என்றார் தணிந்த குரலில்,
"மேலேயிருந்து கால்பந்து வந்து இறங்கியது.
திருப்பினேன். திரும்பவும் இறங்கியது.
ஒன்பது முறை."

என் பைக்குள் பத்து மீட்டர்ச் சுருள்,
இரு முனையிலும் இரண்டிரண்டு வளையம்,
பொட்டலம் பிரிக்காதது.
பையின் ஜிப்பை மூடினேன்,
அது தேவைக்கு மேல் சத்தம் போட்டது.

"என்னப்பா கோளாறு?" மேலிருந்து அவர்.
"நீட்டிப்புக் கம்பி, ஐயா. இரண்டு வளையம் வைத்தது வேண்டும்.
சாண்டியாகோவிலிருந்து வரவேண்டும்.
கப்பலைப் பொறுத்தது."

தகரக் கூரையைக் காற்று ஒருமுறை உலுக்கிவிட்டுப் போனது.
வந்துபோன கூலியை மட்டும் எழுதி, பில்லைக் கிழித்தேன்.
அவர் ஏதோ கணக்குப் போடுவது படிக்கட்டுவரை கேட்டது.

"கப்பல் வர," என்றார் கடைசியில்,
"இன்னும் எத்தனை எபிசோடு ஆகும்?"

நான் வாய் திறக்குமுன்
கூடத்திலிருந்து பதில் போனது:
"பதினொன்று."