வெறும் வயிற்றில்

கழுத்தில் அழுக்கு என்றுதான் நினைத்தேன்.
பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சைத் தோல்,
ஒரு தரம் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர்.
எரிந்தது. போகவில்லை.
தாலிக்கயிறு சாயம் விடுகிறது என்றாள் ஓரகத்தி.
மஞ்சள் கயிறு கறுப்பையா விடும்?

கண்டுபிடித்தவள் வஹிதா.
தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒற்றை நாற்காலி பார்லர்.
புருவத்துக்குப் போனவளின் மோவாயை
ட்யூப்லைட் பக்கம் திருப்பி
நூலைப் பல்லில் கடித்தபடியே கேட்டாள்:
"தேதி கரெக்டா வருதா நாகவள்ளி?"
நூல் முடியைப் பிடுங்கும்போது வரும் கண்ணீருக்கு
யாரும் காரணம் கேட்பதில்லை.
வசதி.

ஸ்டான்லியில் சீட்டு. வெறும் வயிறு.
ஒரு ஊசி, குமட்டும் இனிப்பில் குளுக்கோஸ் தண்ணீர்,
இரண்டு மணி நேரம் பெஞ்சு, இன்னொரு ஊசி.
டாக்டர் பெண் பூட்டும் சாவியும் வரைந்து காட்டினாள்.
எனக்குப் பூட்டு புரியவில்லை.
லாரி புரிந்தது.

எங்கள் தெருவுக்கு விடிகாலை தண்ணி லாரி வரும்.
ஹாரன் பழகிய காதுகள் எழுந்திருக்காது.
டிரைவர் இன்னும் அழுத்துவான்.
இன்சுலினும் அப்படித்தான்.
சதை கதவைத் திறக்கவில்லை,
சர்க்கரை தெருவில் நிற்கிறது,
கணையம் இன்னொரு லாரியை அனுப்புகிறது,
பின்னாலேயே இன்னொன்று.
இத்தனை சத்தத்தில்
தூங்காத ஒரே வீடு சினைப்பை.
கூப்பிட்டது தன்னைத்தான் என்று
குடத்தோடு ஓடி வருகிறது.
வந்தவள் சும்மா போவாளா,
ஆண் ஹார்மோனை அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிறாள்.
முட்டை முதிராமல் பாதியில் நிற்கிறது,
மோவாயில் முடி முதிர்கிறது.
காய்ச்சியது திரும்பிப் போய்
வயிற்றில் கொழுப்பை அடுக்கி
சதையின் காதில் இன்னும் பஞ்சு திணிக்கிறது.

யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டேன்.
இரண்டும்தான் என்றாள்.
எங்கள் குழாயடிச் சண்டைக்கும்
அதே பதில்தான் சொல்வோம்.

"அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

கஜபதி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்.
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு வரிசையில்
இரண்டு நாள், சில சமயம் மூன்று,
அதே சீட்டில் பரோட்டா, அதே சீட்டில் தூக்கம்.
தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும்.
குழந்தை இல்லாத ஆறு வருஷமும்
அவன் வீட்டார் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.
மூன்று வாரம் வரமாட்டேன் என்றான்.
ஒருநாள் தனியாகப் போய்வந்து
ரிசல்ட்டை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தான்.
அரிசி அளக்கிறவள் நான்.

இரண்டு காகிதங்களையும் தரையில் விரித்தோம்.
டெஸ்டோஸ்டிரோன், இரண்டிலும் அதே பெயர்.
எனக்கு மேலே அம்பு, அவனுக்குக் கீழே.
சர்க்கரையின் அம்பு மட்டும்
இருவருக்கும் ஒரே திசையில்.
"ஒங்கையில எக்ஸ்ட்ரா கீது.
எனக்குக் கொஞ்சம் குடேன்" என்றான்.
சிரித்துவிட்டேன்.
அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

மாத்திரையில் மீன் வாசம் வரும் என்றார்கள்.
காசிமேட்டில் பிறந்தவளிடம் சொல்கிறார்கள்.
முதல் வாரம் வயிறு கலங்கியது,
இப்போது பரவாயில்லை.
கழுத்துக் கறுப்பு அப்படியேதான்.
நேற்று இருட்டில் அதன் மேல் விரல் வைத்தான்.
தேய்க்கவில்லை. வைத்தான், அவ்வளவுதான்.

விடிகாலை ஹாரன் கேட்டதும்
குடத்தை எடுத்துக்கொண்டு அவன் இறங்கினான்.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
வரிசையில் பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.
ஆறு குடம்.
நாலாவதில் அவனுக்கு மூச்சு வாங்கியது.
ஐந்தாவதை
இரண்டாம் மாடிப் படியில்
நான் வாங்கிக்கொண்டேன்.