இருபது இருபதாக

கடையம் சாலையில், குவாரி முக்குக்குப் பக்கம்
ஒரு தகரக் கூண்டு, ஒரு டேபிள் ஃபேன்,
சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டி.
ராத்திரி எட்டு மணியிலிருந்து விடிய ஆறு வரைக்கும்
அந்தப் பெட்டிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நான்.
பெட்டி சொல்வதைப் பிரிண்டரிடம் சொல்லாமல் இருப்பதற்குத்தான்
பத்தாயிரத்து ஐநூறு சம்பளம்.

முதல் நாளே மேனேஜர் சொல்லித் தந்தார்:
"இருபத்தெட்டாயிரம்னு முழுசா அடிச்சிராத தாயி.
முழுசா இருந்தா எவனும் நம்ப மாட்டான்.
பொய்யின்னா கூடக் கொஞ்சம் சில்லறை கிடக்கணும்."

மேடையில் நாற்பத்தோராயிரத்து நூற்றெண்பது.
நான் அடித்தேன்:
இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து.
அந்த முப்பத்தைந்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

டிரைவர் உச்சிமாகாளி
சீட்டை ஹெட்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"யக்கா, இந்த மேடை இருபது இருபதாத்தான் ஏறும்.
முப்பத்தஞ்சு எங்கன இருந்து வந்துச்சி?
புளியரையில நிக்குதவன் ஒண்ணும் கேணயன் இல்ல."
அழித்து, நாற்பது என்று அடித்துக் கொடுத்தேன்.
பொய்யைப் பிழைதிருத்தி வாங்கிக்கொண்டு
வண்டியை எடுத்தான்.
தகரம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பாவூர்சத்திரம் சந்தை.
வடிவு தராசில் அரைக்கிலோ கத்தரிக்காய்.
தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த புளி உருண்டையை
கண்டுவிட்டேன்.
முப்பது கிராம் இருக்குமா? இருக்கும்.
விடுவேனா?
கருவாட்டுக் கடை வரைக்கும் திரும்பிப் பார்க்க ஏசினேன்.
"பிள்ளகுட்டிக்காரி வயித்துல அடிக்கியே, வெளங்குவியாட்டி?"
அவள் பதில் சொல்லவில்லை.
ஒன்றுக்கு மூன்று காயாக அள்ளிப் போட்டாள்.
வாங்கிக்கொண்டு வந்தேன்.
குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அன்றிரவு என் கை வழியாகப் பதினோரு லோடு.
லோடுக்குப் பதின்மூன்று டன் கூடுதல்.
எனக்குக் கணக்கு வரும்.
அன்றைக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே
லோடு வராத ஒரு நேரம் உண்டு.
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையின் நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடி வழியாகப் பெட்டி அறுபது என்றது.
தர்மாஸ்பத்திரியில் ஐம்பத்தேழு.
சரி, இதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது.
இறங்கி, தூக்குச்சட்டியை மட்டும் வைத்தேன். சைபர்.
பத்துக் கிலோவுக்குக் கீழே இதற்குக் கண் கிடையாது.
புளி உருண்டையை வைத்தாலும் சைபர்தான்.
வடிவு கடைப் பக்கம் அதற்கப்புறம் நான் போகவில்லை.

ஆடிச் சாரலில் ஒருநாள் கரண்ட் போய்ப் போய் வந்தது.
கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக விழித்தது.
பிரிண்டரில் உண்மையான எண் விழுந்துவிட்டது,
நாற்பத்திரண்டாயிரத்து அறுபது.
நான் எதையும் தொடவில்லை.
தொட்டேனோ என்னவோ.

உச்சிமாகாளி ஈரக் கையால் வாங்கினான்.
கத்துவான் என்று பார்த்தேன்.
நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.
"இது கெடக்கட்டும்க்கா. அவனுவளுக்கு வேற அடிங்க."
"இது எதுக்கு ஒனக்கு?"
"தென்மலை இறக்கத்துல
பிரேக்கு சீட்டப் பாக்காது."

இப்போது அவனுக்கு இரண்டு சீட்டு.
போன வாரம் சங்கரபாண்டி கேட்டான்.
அப்புறம் புதிதாக வந்த மலையாளத்துப் பையன்,
பாஷை தெரியாமல் இரண்டு விரலைக் காட்டினான்.

பேப்பர் ரோல் சீக்கிரம் தீர்கிறதே என்று
மேனேஜர் நேற்று வந்து நின்றார்.
"பிரிண்டர் கோளாறு சார்.
ரெண்டு ரெண்டா விழுது" என்றேன்.

உடனே நம்பிவிட்டார்.
அதில் நான் சில்லறைகூடச் சேர்க்கவில்லை.